மீன் ஆபீசரிடம் சொல்கிறேன்

1949, பங்குனி, வெள்ளிக்கிழமை

எழுதினாலாவது தூக்கம் வருகிறதா பார்க்கலாம்.

சமஸ்தானம் இருந்தபோது மீன் ஆபீஸ் வேறு, பறவைகளையும் மிருகங்களையும் காக்கும் என்னுடைய வேட்டைக்காட்டு ஆபீஸ் வேறு. குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கண்மாயில் தண்ணீர் வற்றும்போதெல்லாம் எங்களுக்குள் சண்டைதான். வலை போட வேண்டும் என்பார் மீன் ஆபீசர். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைக் குஞ்சுகள் முதலில் பறக்கட்டும் என்பேன் நான். கடைசியில் இருவரும் கரையில் போய் நின்று பார்ப்போம். கூடுகள் காலியான பிறகுதான் வலை இறங்கும்.

சமஸ்தானம் போனதும் இரண்டு ஆபீசையும் ஒன்றாக்கினார்கள். அவர் ஓய்வில் போய்விட்டார். அவருடைய வேலையும் என் தலையில். இந்த வருஷம் மீன் குத்தகைக்காரர் அவசரப்படுத்தினார். எதிர்த்துப் பேச ஆள் இல்லை. கரைக்குப் போகாமலே, ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலையில் வலை இறங்கியது. தகரம் தட்டி மீனை விரட்டியதில் தாய்ப்பறவைகள் எல்லாம் கிளம்பிவிட்டனவாம். மத்தியானம் அந்த ஊர் அம்மாள் ஒருத்தி முந்தானையில் ஒரு குஞ்சை ஏந்திக்கொண்டு கீரனூரில் என் ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"அங்கிட்டு குஞ்செல்லாம் தண்ணியில விழுந்து கெடக்குங்கய்யா. அந்த மீன் ஆபீசருகிட்ட சொல்லுங்க. நீங்க சண்டை போட்டா அவரு கேப்பாரு."

அந்த மீன் ஆபீசர் இப்போது நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. "சொல்றேம்மா" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

உடனே ஆளனுப்பி வலையை நிறுத்தினேன். பறவைகள் திரும்பினவா, தெரியவில்லை.

அவள் விட்டுப்போன குஞ்சைக் கூடத்தில் கூடைக்குள் வைத்திருக்கிறேன். பசியில் கத்திக்கொண்டே இருந்தது. இப்போது சத்தம் இல்லை. எழுந்து போய்ப் பார்க்கப் பயமாக இருக்கிறது.