கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சிராய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

"மரத்தைப் பாக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்பாயே, இதைக் கேள். போன மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கதவு வந்தது. வாங்கியவருக்கு அது தேக்குதானா என்று சந்தேகம். விற்ற வியாபாரியோ, "அசல் தேக்கும்மா, மோந்து பாருங்க!" என்று கூடவே வந்து குதித்தார். நிறத்தையும் வாசனையையும் பூசி வரவழைத்துவிடலாம். நான் ஒரு துண்டை வேகவைத்து, வெங்காயத் தோல்போலச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். தேக்கென்றால் ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும். இதிலோ எல்லாத் துளைகளும் ஒரே அளவில் இறைந்து கிடந்தன.

"தேக்கு இல்லீங்க" என்றேன். மேலாளரும் பார்த்துவிட்டு, "நீயே கையெழுத்துப் போடும்மா" என்றார். என் பெயரில் போன முதல் அறிக்கை! வியாபாரி தானே கதவை ஒருமுறை மோந்து பார்த்தார். சீவும்போது விரலில் பிளேடு லேசாகப் பட்டது, அவ்வளவுதான். தையல்கூடப் பிரித்தாயிற்று.

ஓர் உதவி. அப்பா தேக்கு தேக்கு என்று பீற்றிக்கொள்ளும் நம் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சிராய் எடுத்து அனுப்பு. வேலைக்குத்தான். தேக்கு இல்லையென்றாலும் அவரிடம் மூச்சுவிட மாட்டேன். நாள் முழுக்க ஊரார் வீட்டு மரத்தையே பார்க்கிறேன், அம்மா. நம் வீட்டுடையதையும் ஒருமுறை பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். ஆய்வுக்கூடத்துச் சாவி இப்போது என்னிடம்தான்!

உன் மகள்