வைக்கோல் ஒட்டியிருந்த மாம்பழம்

அக்கா,

அரிசிப் பானையில் வைத்திருந்த முதல் மாங்காய் இன்று பழுத்துவிட்டது. வாசனை கூடம் வரை வந்தது. நானே பறித்த பழம்தான், ஆனாலும் காம்பில் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். "நீ சந்தேகப் பிறவிடி" என்று ஸ்டாஃப் ரூமில் நீங்கள் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது.

அறுபத்து நாலில் உங்கள் வீட்டுக்காரருக்குக் குன்னூருக்கு மாற்றலாகி, தாம்பரத்து டீச்சர் வேலையை விட்டுக் கிளம்பினீர்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே, சேலையூரில் எங்கள் அப்பா வைத்த மரத்தின் கிளையோடு ஒரு தொட்டிக் கன்றைச் சேர்த்துக் கட்டி ஒட்டுப் போட்டிருந்தீர்கள். கிளம்பும்போது அந்தக் கன்றையும் கொண்டுபோனீர்கள்; அந்தக் குளிரில் மாமரமா என்று நினைத்தேன். மாற்றல் உங்களுக்கு முன்னாலேயே தெரியும், என்னிடம்தான் மறைத்தீர்கள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்தில் அப்பா போனார். அடுத்து வந்த புயலில் அவர் மரமும் வேரோடு சாய்ந்தது. மிச்சம் உங்களிடம் இருந்த கன்றுதான். அது உயிரோடு இருக்கிறதா என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்டேன். ஒரு கோடையில் ஆறு பழங்களோடு கூடை வந்தது. நம்ம மரம் காய்த்துவிட்டது என்று சீட்டு வைத்திருந்தீர்கள்.

அப்பா மரத்துப் பழம் கொட்டைப் பக்கம் லேசாகப் புளிக்கும். இது முழுக்கத் தித்திப்பு. கூடையில் நீங்கள் திணித்திருந்தது பழைய பேப்பர், காம்பிலோ கடைப் பழம் மாதிரி வைக்கோல். கேட்டு எழுதினேன். "இங்க குளிருக்குப் புளிப்பு போயிடுச்சு, நம்புடி" என்று பதில் போட்டீர்கள். நான் நம்பவில்லை. பழம் பொய் என்றால் மரமும் செத்திருக்கும் என்று முடிவு கட்டி, உங்களுக்கு எழுதுவதையே நிறுத்தினேன். ஐந்து வருஷம்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் குன்னூர் வந்தேன். சமையலறைச் சுவரோரம் என் தோள் உயரத்துக்கு நின்றது கன்று. சுற்றிலும் கோணி, அதன்மேல் உங்கள் பழைய ஸ்வெட்டர்.

"ஒரு பூகூட வெச்சதில்லம்மா," என்றார் உங்கள் வீட்டுக்காரர். "நீ மனசு ஒடைஞ்சிடுவேன்னு மேட்டுப்பாளையத்துல வாங்கி அனுப்பினா."

அதையும் உடனே நம்பாமல் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். அப்பாவின் மரமேதான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதிலிருந்து நாலு குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து சேலையூரில் ஒட்டுக் கட்டினேன். ஒன்று பிடித்தது. அதன் பழம்தான் இது.

கொட்டைப் பக்கம் புளித்தது, அக்கா. உடனே உங்களுக்கு ஒரு கார்டு எழுத வேண்டும்போல் இருந்தது. அந்த ஐந்து வருஷமும் என் கார்டுக்காக நீங்கள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்க மட்டும் எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.