பற்றவைத்த மெட்டி

பூவிருந்தவல்லி
பவ வருஷம், ஐப்பசி 20

மகா-ள-ள-ஸ்ரீ லோகநாதப் பத்தர் அவர்களுக்கு,

அம்பத்தூர் ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தாவாக லோகநாதன் என்று ஒருவர் இருந்தார். என் புருஷன். இப்போது அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை, ஆகவே நகை செய்யும் பத்தராகிய தங்களுக்கே எழுதுகிறேன்.

ஊர் வந்து சேர்ந்தேன். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. கால்விரலில் சேற்றுப்புண் என்று இரண்டு நாள் மெட்டியைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் கிண்ணம் இருக்கிறது, மெட்டி இல்லை. "உருக்கிப் பழகினேன் தாட்சா" என்று இளித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பழகுவதற்கு ஊரில் வேறு வெள்ளியே கிடைக்கவில்லையா? கல்யாணத்தன்று அம்மியில் என் காலைத் தூக்கி வைத்து நீங்களே போட்ட மெட்டி ஐயா அது!

புருஷன் போய்விட்டால் கழற்றுகிற சாமான். குத்துக்கல்லாட்டம் இருக்கிற புருஷனே உருக்கிவிட்டான் என்று அம்மாவிடம் எந்த வாயால் சொல்ல? "இன்னாடி, கால்ல ஒண்ணியும் காணோம்?" என்று வந்ததும் கேட்டாள். புண் என்றேன். புண் ஆறி எட்டு நாள் ஆகிறது.

உருக்கினதில் என்ன வந்தது? கறுப்பாக ஒரு உருண்டை. ஆட்டுப்புழுக்கை தேவலை.

தாட்சாயிணி


அம்பத்தூர்
ஐப்பசி 28

சௌபாக்கியவதி தாட்சாயிணிக்கு லோகநாதன் ஆசீர்வாதம். இங்கே நான் க்ஷேமம், ரசம் மட்டும் க்ஷேமமில்லை. நான் வைத்தால் சாக்கடைத் தண்ணீர் போல வருகிறது.

நீ சிரி. எண்ணெய்க் கடைக்காரர் மகளுக்கு எள்ளும் பிண்ணாக்கும் தெரியும், வேலையின் நயம் எப்படித் தெரியும்? வெள்ளி கறுத்தது என் குற்றமில்லை. உருக்கும்போது அழுக்கை எடுக்கிற வெங்காரம் தூவ மறந்தேன், அவ்வளவுதான். இப்போது உருக்குகிற மூசை, ஊதுகுழல், அரம் எல்லாம் சேர்த்துவிட்டேன். குழலை ஊதி ஊதிக் கன்னம் வீங்கி, ஸ்டேஷனில் பல்வலியா என்று விசாரிக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இத்துடன் ஒரு பச்சைக் கல் அனுப்பியிருக்கிறேன். நெமிலிச்சேரிப் பக்கம் தண்டவாள ஓரத்தில் கிடைத்தது. குச்சியில் அரக்கு வைத்து ஒட்டி, ஒரு மாசமாகச் சாணையில் பிடித்துப் பட்டை தீட்டினேன். மரகத சாதி என்பது என் அபிப்பிராயம். எதிர்த் தெரு திருவேங்கடப் பத்தரிடம் காட்டவில்லை, அந்த ஆள் வயிறெரிவார். இது உனக்கே உனக்கு. கோபத்தை விட்டுவிட்டு வா.

லோகநாதன்


பூவிருந்தவல்லி
கார்த்திகை 10

லோகநாதப் பத்தர் அவர்களுக்கு,

மரகதம் வந்து சேர்ந்தது. நைனா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கடைக்குள் போய், எண்ணெய் ஊற்றுகிற காலி பாட்டில் ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். "உன் ஊட்டுக்காரரு பீர் பாட்டிலுக்குப் பட்ட தீட்டிகினு கீறாரும்மா" என்றார். வெள்ளைக்காரன் ரயிலில் குடித்துவிட்டு ஜன்னல் வழியாக வீசின பாட்டிலுக்கு ஒரு மாசம்! கூட்ஸ் குமாஸ்தாவுக்கு இது கூடவா தெரியாது? தங்கை பூங்காவனம் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் படுத்துவிட்டாள்.

அவளுக்குத் தை பத்தாம் தேதி முகூர்த்தம் வைத்தாகிவிட்டது. நைனா எனக்குப் புது மெட்டி வாங்குகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். உருக்கினவர் செய்து தரட்டும். நீங்கள் கடையில் வாங்கி அனுப்பினால் கிணற்றில் போடுவேன். எதிர்த் தெருப் பத்தரிடம் செய்து வாங்கி உங்கள் வேலை என்று புளுகினாலும் தெரிந்துவிடும். அழகாக இருந்தால் அது உங்களுடையது இல்லை.

முகூர்த்தத்துக்குள் மெட்டி வராவிட்டால் நைனா வாங்குவதைப் போட்டுக்கொண்டு இந்த வீட்டிலேயே இருந்துவிடுவேன். அப்புறம் அம்பத்தூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். விளையாட்டுக்கு எழுதவில்லை.

தாட்சாயிணி


அம்பத்தூர்
மார்கழி 25

தாட்சாயிணிக்கு,

வண்டிக்கார வேம்புலியிடம் மெட்டி ஒரு ஜோடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். இது ஒன்பதாவது ஜோடி. முதல் எட்டைப் பற்றிக் கேட்காதே. கட்டைவிரல் நகம் ஒன்று போய்விட்டது, அதையும் கேட்காதே. அந்தக் கறுப்பு உருண்டையைத்தான் திரும்பத் திரும்ப உருக்கினேன். உன்னுடைய வெள்ளியேதான், வெளிவெள்ளி ஒரு குன்றிமணிகூடச் சேர்க்கவில்லை.

வேம்புலி பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, கன்னுக்குட்டிக்கு லாடமா?" என்றான். அவன் கிடக்கிறான்.

ஒன்று கவனி. பத்தர்கள் செய்கிற மெட்டியெல்லாம் வளையம் சேராமல் வாய் திறந்தே இருக்கிறது. சோம்பேறித்தனம்! நான் இரண்டு முனையையும் சேர்த்துப் பொடி வைத்து, ஊதிப் பற்றவைத்து மூடிவிட்டேன். இனி ஜன்மத்துக்கும் கழன்று விழாது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் வந்துவிடுகிறேன். நீ என்னோடு திரும்பி வருவாயா என்று மட்டும் ஒரு வரி எழுது. வீடு நன்றாயில்லை, தாட்சா.

லோகநாதன்


பூவிருந்தவல்லி
தை 4

லோகநாதப் பத்தர் அவர்களுக்கு,

மெட்டிக்கு ஏன் வாய் திறந்திருக்கிறது என்று தெருவில் போகிற எந்தப் பொம்பிளையைக் கேட்டாலும் சொல்லியிருப்பாளே! விரலுக்குத் தக்கபடி நெரிக்கவும் விரிக்கவும்தான். அதைப் போய்ப் பற்றவைத்து மூடிவிட்டுப் பெருமை வேறு. போட்டுக்கொண்ட நான் அதற்கு மேல் பைத்தியம். விளக்கெண்ணெய் தடவிப் பூங்காவனம் ஒரே தள்ளாகத் தள்ளினாள். வலது கால் விரலில் ஏறிவிட்டது, இறங்கவில்லை. விரல் வீங்கிக் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

நைனா நாகப்பப் பத்தரைக் கூட்டி வந்தார். அவர் கத்தரியை எடுத்துக்கொண்டே, "இத்த செஞ்ச புண்ணியவான் ஆரும்மா?" என்று சிரித்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்! நான் சிரிப்பேன், எனக்கு உரிமை உண்டு. அவர் யார் சிரிக்க? "எங்க ஊட்டுக்காரரு செஞ்சது. வெட்டவேணாம், போங்க" என்று காலை இழுத்துக்கொண்டேன். அம்மா வாயில் அடித்துக்கொண்டாள்.

முதல் நாள் வருவதெல்லாம் ஆகாது, விரல் தாங்காது. கடிதம் கண்டதும் லீவு சொல்லிவிட்டு அரத்தோடு புறப்பட்டு வாருங்கள். மூடின கையே வந்து திறக்கட்டும். இடது கால் மெட்டியை யாரையும் தொட விடவில்லை. அதற்கும் வாய் வெட்டி நீங்களே போடுங்கள். அம்பத்தூருக்குப் போகும்போது இரண்டும் காலில் இருக்க வேண்டும்.

காலை உயர்த்தி வைத்து அராவுவதற்குத் தோதாக இருக்கட்டும் என்று அம்மியைக் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்காக மட்டும்தான். வேறு ஏதாவது நினைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் இளிக்க வேண்டாம்.

உங்கள்
தாட்சாயிணி