நீ கேட்காமல் விட்ட கல்லூரி

துப்பட்டாவைத் துவைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன். ‘விசிட்டர்’ என்று அச்சடித்த வட்ட ஸ்டிக்கர் இன்னும் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்தால் பாதிதான் வந்தது. மீதி பிசினாக நின்றுவிட்டது, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நேற்று உன் தங்கையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம், உன் அம்மியும் நானும். எந்தக் கல்லூரி என்று கேட்பாய். நீ படித்த அதே இடம்தான். நீ படிக்க ஆசைப்படாத இடம் என்றும் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்லக்கூடியவள் ஆம்பூரில் இப்போது நான் ஒருத்திதான். அது எப்படி ஆனது என்று உனக்கு எழுதாமல் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

பள்ளி முடித்த அந்தக் கோடையில் நம் இருவருக்கும் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் ஒரே பாடத்தில் இடம் கிடைத்தது. ஒன்று மேற்கே, ஹாஸ்டல் இருந்தாலும் கல்லூரி பஸ்ஸில் தினமும் போய்வரும் தூரம். மற்றது சென்னைக்குக் கொஞ்சம் முன்னால், ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும். மற்றபடி இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம். அதே கண்ணாடிக் கட்டடம், அதே கோட்டு போட்ட அதிகாரி, அதே ‘உலகத் தரம்’. மேற்கே உள்ளதன் வாசலில் ஒரு குளமும் சில வாத்துகளும் இருந்தன. கிழக்கே உள்ளதன் வாசலில் ஒரு நீரூற்று. வாத்து, ஃபவுண்டன் என்று இரண்டுக்கும் நீ பேர் வைத்தாய். கடைசிவரை அவற்றின் உண்மைப் பேரை நாம் வாயால் சொன்னதே இல்லை.

ஹானர்ஸும் இரண்டிலும் இருந்தது. எல்லோரும் படிப்பதற்கு மேல் கூடுதல் பாடங்கள், ஒரு பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி, பட்டத்தில் அந்த ஒரு சொல். வாத்தில் மூன்றாம் வருடம் வரை அரியர் விழாமல் தாக்குப்பிடித்தால்தான் அதில் சேர்ப்பார்கள். ஃபவுண்டனில் முதல் வருடமே ஆள் எடுத்து, லேபுக்குள் விட்டுவிடுவார்கள். ஃபவுண்டனைப் பார்க்கப் போன அன்று நீ அங்கிருந்த அதிகாரியை விடவே இல்லை. லேப் எத்தனை மணி வரை திறந்திருக்கும், பெண்கள் இருக்கலாமா, லைப்ரரி ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று குடைந்து எடுத்தாய். பாவம், அவர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பதில் சொன்னார்.

உன் மனம் எங்கே போய் நின்றது என்பது எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஃபவுண்டனில் லைப்ரரிக்குப் பின்னால் புங்க மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதில் ஒரு பெண் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மடியில் லேப்டாப்போடு தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளைத் தேடி யாரும் வரவில்லை. அவள் போனும் அடிக்கவில்லை. நீ நடையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாய். பிறகு, “இன்னாடி இது, இவ்ளோ நேரமா ஒருத்தர்கூட எங்க இருக்கன்னு அவள கேக்கல. நானும் ஒரு தபா அப்டி உக்காரணும்” என்றாய். வாத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று நீ சொன்னதும் நினைவிருக்கிறது: “நாலு மணிக்கு பஸ்ஸு கிளம்பினா அங்க காலேஜே முடிஞ்சிடும்.”

உன் வீட்டில் யாரும் உன்னைத் தடுக்கவில்லை. அதுதான் கொடுமை. தடுத்திருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய், ஜெயித்தும் இருப்பாய். ஷூவுக்கு அப்பர் என்னும் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கும் யூனிட்டே கதியென்று கிடந்த உன் அப்பா, எது வேண்டுமானாலும் சேர் என்றார். அம்மிக்குத்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தது. ஒன்றுபோல இருக்கும் இரண்டில் எதை எடுப்பது என்று தெரியாதபோது உங்கள் வீட்டில் இஸ்திகாரா செய்வார்கள். கல்யாண சம்பந்தம் வந்தால், வீடு மாற்றுவதென்றால், இறைவனிடம் தொழுது கேட்டுவிட்டுப் படுப்பார்கள். எழுந்ததும் மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுவே பதில். அம்மிக்குப் பெரும்பாலும் கனவே வந்துவிடும்.

அன்றும் வந்தது. வெள்ளை உடுப்பில் நீ தண்ணீர்க் கரையோரம் நடந்து போகிறாய், சுற்றிலும் பறவைகள். முதல் நாள் மாலை வாத்துப் படம் போட்ட அந்தக் கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் அம்மி படுத்தார். அன்று உங்கள் வீட்டில் தங்கியிருந்த நான் இதைப் பார்த்து உன்னிடம் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, “அம்மி அல்லா கிட்ட கேட்டுட்டாங்க. இனி நான் இன்னா பேசுறது?” என்றாய். அவ்வளவுதான். ஃபவுண்டன் என்ற பேச்சையே நீ வீட்டில் எடுக்கவில்லை. அம்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு உனக்குப் பாயசம் ஊட்டியபோது, இதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தவளைப் போல வாயைத் திறந்தாய். எனக்கு உன் மேல் இன்றும் கோபம் இருக்கிறது. ஒரு வாக்கியம் போதுமே! சொல்லியிருந்தால் அந்த அம்மா மறுத்திருக்கவே மாட்டார்.

நான் ஃபவுண்டனில் சேர்ந்தேன். ஹானர்ஸ் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை, பாஸானதே பெரிய விஷயம். நீ வாத்தில் பஸ்ஸிலேயே படித்தாய். போகும்போதும் வரும்போதும் மடியில் புத்தகம். மூன்றாம் வருடம் ஹானர்ஸில் பேர் வந்ததும் முதலில் எனக்குத்தான் போன் செய்தாய். அதே வருடம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், நின்றிருந்த லாரியின் மேல் உன் பஸ் மோதியது. நீ ஜன்னலோரம் இருந்தாய். இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

அம்மி அழுதார், பிறகு அழுவதை விட்டார், பிறகு தொழுவதையும் விட்டார். இறைவனைக் குறை சொல்ல அவருக்கு வாய் வராது. தன்னைச் சொல்லிக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் கேட்டது அவனிடம். ஆகவே ஒன்றும் சொல்லாமல், தொழும் பாயைச் சுருட்டி பீரோவின் மேல் வைத்துவிட்டார். அண்டை வீட்டுப் பெண்கள் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். கேட்டுக்கொள்வார், தலையாட்டுவார், எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

இந்த வருடம் உன் தங்கை பள்ளி முடித்தாள். அவளுக்கும் இடம் கிடைத்தது அதே இரண்டு கல்லூரிகளில். இந்தக் கொடுமைக்கு யாரைப் போய் கேட்பது? அவளுக்கு ஃபவுண்டன்தான் ஆசை. அங்கே ஹானர்ஸ் எப்படி, ஹாஸ்டல் எப்படி என்று என்னைத் துளைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அம்மி எதற்கும் வாய் திறக்கவில்லை. பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. வந்து பேசச் சொல்லி உன் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

போனேன். அம்மி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பிக்கும் முன்பே, தலை நிமிராமல் கேட்டார்.

“நீ அவ தோஸ்த். உன்கிட்ட சொல்லாம இருந்திருக்க மாட்டா. அவ மனசுல எது இருந்துச்சி பேட்டா? நான் சொன்னதுக்காகவா போனா?”

அவர் கை பட்டாணித் தோலைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது, மணிகள் தரையில் உருண்டன. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் யோசிக்கவே இல்லை.

“இல்ல அம்மி. உங்க கனவுக்கு முன்னாடியே அவ அதத்தான் முடிவு பண்ணா. என்கிட்ட சொன்னா.”

அம்மி வெடித்து அழுதார். உன்னைக் கொண்டுபோன நாளில்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலி போட்டு ஏறி, பாயைத் தானே இறக்கினார். தூசி தட்டி விரித்தார். உன் அப்பா வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நான் நினைத்தது அந்தத் தொழுகை முடியும் வரைதான்.

முடித்துவிட்டு எழுந்த அம்மியின் முகம் தெளிந்திருந்தது. “அப்போ இவளும் அங்கயே படிக்கட்டும். பஸ்ஸு வேணாம், ஹாஸ்டல்ல இருக்கட்டும். அவ ஆசப்பட்ட எடம், அவ விட்டத இவ முடிக்கட்டும்” என்றார்.

நான் என்ன பேச முடியும்? பாய் இன்னும் தரையில் விரிந்தே கிடந்தது. உன் தங்கை என்னைப் படிக்கட்டு வரை வழியனுப்ப வந்தாள். செருப்பு மாட்டும் வரை பொறுத்திருந்துவிட்டு, “ஆபா நெஜமாவே அப்டி சொன்னாளா, அக்கா?” என்று கேட்டாள். உன்னை அவள் அக்கா என்று சொல்வதில்லை, ஆபாதான். உள்ளே அம்மி யாரிடமோ போனில் சிரித்துப் பேசுவது கேட்டது. ஆமாம் என்றேன். அவள் மறுபேச்சு பேசவில்லை. ஒன்றுபோல இரண்டு பேரைப் பெற்றிருக்கிறார் உன் அம்மி.

நேற்று அறையில் பெட்டியை வைத்துவிட்டு, மூவரும் வளாகத்தைச் சுற்றி வந்தோம். தங்கை எதையும் கேட்கவில்லை, லேப் எதுவரை திறந்திருக்கும் என்றுகூட. அம்மி குளத்தின் கரையில் நின்றார். வெயிலில் வாத்துகள் ஒதுங்கிக் கிடந்தன. கனவில் கண்ட இடத்தை அவர் அப்போதுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறார். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

“அவளுக்கு இது ஏன் புடிச்சிதுன்னு இப்பதான் புரியுது” என்றார்.

ஆமாம் அம்மி என்றேன். உனக்குப் பிடித்தது எது என்பது இனி உன் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதை நான்தான் வைத்திருக்கிறேன், யாரிடமும் கொடுக்க வழியில்லை.