அத்தானின் மச்சமும் பரோடா ரயிலும்

ஜூன் 9, திங்கள்

விடியலில் இருந்தே சாரல். தாடகை மலை மொத்தமும் மேகத்துக்குள். கடை திறக்க மனமில்லை. ஆனாலும் உலகம் என் கையால் கண்ணாடி போட்டுக்கொள்ளக் காத்திருக்கிறதே, திறந்தேன். இன்று ஃபிரேம் போட வந்த படங்கள்:

முருகன், பெரிய அளவு.
காலமான ஒரு பெரியப்பா, மீசையோடு. மீசைக்கே தனி ஃபிரேம் வேண்டும்.
நர்சிங் முடித்த பெண், கறுப்பு அங்கி, தொப்பி.

பூதப்பாண்டிக்கு இரண்டு பெருமை. ஒன்று பழைய கோயில், மற்றது அடியேன். இந்துமகா சமுத்திரத்துக்கு வடக்கே கலை வரலாற்றில் பி.ஏ. முடித்த ஒரே ஃபிரேம் கடைக்காரன். சரிபார்க்கவில்லை. எதற்குச் சரிபார்க்க வேண்டும்?

மத்தியானத்துக்கு முன்னால் மாலு வந்தாள், அக்கா மகள். குடையை மடக்காமலே உள்ளே நுழைந்து முருகனுக்கு அபிஷேகம் செய்தாள்.

“மாமா, கெடச்சிட்டு.”

“என்னட்டி கெடச்சு?”

“சீட்டு. பரோடால. பி.ஏ. கலை வரலாறு.”

நான் படித்த அதே ஊர், அதே படிப்பு. கையில் இருந்த ஆணி எங்கே விழுந்ததென்று இன்னும் தெரியவில்லை.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“அத நீங்கதான் சொல்லணும். அடுத்த திங்கக்கிழமைக்குள்ள சேருகேன்னு பதில் போடணும்.”

அத்தானிடம் நான் சொல்வதா! அத்தான் வாழைக்குலை மொத்த வியாபாரி. அவர் சம்மதம் இல்லாமல் இந்த மாவட்டத்தில் ஒரு மட்டிப்பழம் பழுக்காது. கலை வரலாறு படித்தால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டால் கையை என் கடைப் பக்கம் நீட்டுவார். வேறு விளக்கம் வைத்திருக்கவில்லை.

சாயங்காலம் வரை வேலை ஓடவில்லை. அந்த இருட்டு அறைதான் கண்ணுக்குள். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி, பின்னால் இரண்டு ப்ரொஜெக்டர், முன்னால் வெள்ளைச் சுவரில் அருகருகே இரண்டு படம். டக். அடுத்த இரண்டு. டக். இடது பக்கம் ஒரு சிலை, வலது பக்கம் ஒரு சிலை, ஒப்பிட்டுப் பேசு. மூன்று வருஷப் படிப்பும் இவ்வளவுதான். ஒளிக்கற்றைக்குள் தூசி மிதக்கும். சிலைகளை விட அந்தத் தூசியை அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அக்கா வீட்டுக்குப் போனேன். தூது.

அத்தான் கூடத்தில், சாய்வு நாற்காலியில். தலைக்கு மேலே அவருடைய கல்யாணப் படம். நான் பரோடாவில் இருந்து வந்து கடை போட்டதும் முதன்முதலாகக் கண்ணாடி போட்டது அதற்குத்தான். தோவாளைச் சந்தையில் அன்று ஒரு பூ மிச்சமில்லை, அத்தனையும் இவர்கள் இருவர் கழுத்தில். மாலைக்கு மேலே இரண்டு முகமும், மாலையைப் பிடித்த கைகளும் மட்டும் தெரியும். வந்தவர்களிடமெல்லாம் அத்தான் சொல்வது: “நான் நல்லா இருக்கது இந்தப் படத்துல மட்டும்தான். பாக்கி படத்தில எல்லாம் எவனோ.”

விஷயத்தைச் சொன்னேன். ராஜதூதன் போல, பீடிகையோடு.

“மாப்ளே,” என்றார். “சாமி எந்தக் காலத் தூக்கிட்டு ஆடுதுன்னு தெரியாதவனுக்கு டிகிரி குடுத்த காலேஜ்தானே அது?”

தெரியும், அங்கேதான் வருவார். இந்தக் கதையைக் கல்யாண வீடு தோறும் பரப்பியவனும் நானே.

கடைசி வருஷத் தேர்வு. சுவரில் நடராஜர். பார்த்தால் வலது காலைத் தூக்கி ஆடுகிறார். எங்கும் தூக்குவது இடது கால். மதுரையில் மட்டும் கால் மாறி ஆடுகிறார் என்பது தெற்கத்தியான் எனக்குத்தான் தெரியும். விட்டேனா? மதுரை, வெள்ளியம்பலம், பாண்டிய மன்னன், எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுப் பக்கம் பக்கமாக எழுதினேன். வைகையில் வெள்ளம் வந்தது என் பேனாவில் இருந்துதான். கடைசியில் பேராசிரியை சிரித்துக்கொண்டே எழுந்துபோய் ஸ்லைடை உருவித் திருப்பிப் போட்டார். நடராஜர் சாவகாசமாகக் காலை மாற்றிக்கொண்டார். ஸ்லைடு தலைகீழ் இல்லை, இடவலம் மாறிப் போயிருந்தது. மதுரையைத் தெரிந்தவனால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு என்று சொல்லி மார்க்கும் போட்டார், மகராசி.

“ஒரு பொம்பளப்பிள்ளய ரெண்டு நாள் ரயில்ல ஏத்தி அனுப்பி, இதப் படிச்சிட்டு வந்து என்ன செய்யும்? ஒம்ம கடைக்குப் பக்கத்துல இன்னொரு கடையா?”

“அத்தான், ஒரு ஏத்தன் குலையப் பாத்ததும் இது எந்த ஊரு வாழைன்னு சொல்லுதியளே...”

“குலை விலைக்குப் போகும், வே. ஒம்ம சிலைய எவன் திங்கான்?”

அடுக்களைக்குள் பாத்திரம் விழுந்த சத்தம். அக்கா. வெளியே வரவில்லை.

பழம்பொரி மூன்று தின்றது மிச்சம். தூது தோல்வி.

ஜூன் 12, வியாழன்

மழை. மாலுவோடு பஸ்ஸில் சுசீந்திரம் கோயில். சும்மா இருக்க முடியவில்லை என்றாள். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். என் தொந்தி இருபத்தைந்து வருஷத்தில் வளர்ந்த வேகத்தைத் தூண்களே வியந்தன.

பிரகாரத்தில் வரிசையாக, கையில் விளக்கேந்திய கல் பெண்கள். சின்ன வயதில் இவர்கள் மேல் எண்ணெய்க் கையைத் துடைத்ததைத் தவிர வேறு பழக்கம் இல்லை. பரோடாவில் முதல் வருஷம், குளிரில் பல் தந்தியடிக்க இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். டக். சுவரில் இவள். இதே மூக்கு, இதே எண்ணெய்ப் பிசுக்கு. “நம்ம ஊரு!” என்று தமிழில் கத்திவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அன்றைக்குத்தான் இவளை முதலில் பார்த்தேன், ரயிலில் இரண்டு நாள் தள்ளிப் போய்.

பிறகு என்னவெல்லாம் வந்தது நினைவுக்கு: சாலையோரம் சேவ் உசல், பட்டாணிக் குழம்பில் காராசேவைக் கொட்டியது, காரம் கண்ணில் வழியும், விலக மனம் வராது. ஜனவரியில் ஊரே மொட்டைமாடியில் ஏறிப் பட்டம் விடும். என் பட்டத்தை அறுத்த பெண்ணின் பெயர் இன்னும் நினைவிருக்கிறது. இங்கே எழுத மாட்டேன்.

மாலு ஒரு பாவையின் முன்னால் நின்றாள், அடுத்தவளிடம் போனாள், மறுபடி முதலாமவளிடம் வந்தாள். நான் மூன்று தடவை கொட்டாவி விட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில்: “மாமா, ஸ்லைடு திரும்பிக் கெடக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்க?”

“நான் எங்கட்டி கண்டுபிடிச்சேன்?”

சிரித்தாள். பிறகு வழி முழுக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு எதையோ யோசித்தாள். மூன்றே நாளில் திங்கள் வந்துவிடும் என்று நானும் யோசித்தேன். இல்லை, நான்கு நாள் இருக்கிறது. கணக்கில் எப்போதும் வீக்.

ஜூன் 14, சனி

வரலாற்றில் பொறிக்க வேண்டிய நாள். கல்வெட்டுக்கு வசதி இல்லாததால் இங்கே.

அக்கா வீட்டில் மத்தியானச் சோறு. அயலை மீன் குழம்பு, அவியல். அத்தான் கை கழுவிவிட்டு நாற்காலிக்கு வந்தார். மாலு அவர் எதிரே நின்றாள்.

“அப்பா, ஒங்க மச்சம் எந்தக் கன்னத்துல?”

“இடது கன்னத்துல. ஏன்?”

“கல்யாணப் படத்துல வலது கன்னத்துல கெடக்கே.”

அத்தான் படத்தைப் பார்த்தார். “செரியாத்தானே இருக்கு! தெனமும் கண்ணாடி பாத்து சவரம் செய்யுகவன் நான். என் மச்சம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?”

“படம் திரும்பிக் கெடக்குப்பா. பிரிண்ட் போட்டவங்க நெகட்டிவ மாத்திப் போட்டிருக்காங்க.”

“ஏட்டி, மாமன் கதையக் கேட்டுக் கேட்டு ஒனக்கும் கிறுக்குப் பிடிச்சிட்டா? தப்புன்னு காட்டு. காட்டிட்டா நீ பரோடாவுக்கு இல்ல, லண்டனுக்கே போ.”

சோற்றுக் கையோடு எழுந்து படத்தின் அருகே போனேன். இருபத்தைந்து வருஷமாக அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தவன். அதற்கு ஆணி அடித்தவன்.

மாலு அப்பாவின் தோளைப் பிடித்துப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். இடது பக்கம் படத்து அத்தான், வலது பக்கம் உயிரோடு அத்தான். டக் என்று எனக்குள் ஒரு சத்தம். ஒருவருக்கு மச்சம் இந்தப் பக்கம், மற்றவருக்கு அந்தப் பக்கம். நான் பார்த்தேன், மாலு பார்த்தாள். உலகத்திலேயே அதைப் பார்க்க முடியாத ஒரே ஆள் அத்தான், பாவம், அவர் முகத்தில்தானே இருக்கிறது.

மாலு ஃபோனில் அவர் முகத்தைப் படம் எடுத்துக் காட்டினாள். அத்தான் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார்.

“வாட்ச்சும் பாருங்க. படத்துல வலது கையில கெடக்கு.”

“அண்ணைக்கு அவசரத்துல மாத்திக் கட்டிருப்பேன்.”

“அம்மைக்கு மூக்குத்தியும் அவசரத்துல மாத்திக் குத்தினாவளா?”

நான் சிரித்ததில் அவியல் புரை ஏறியது. அத்தான் சிரிக்கவில்லை. ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பம் இத்தன வருசம் எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?”

“நீங்க தெனமும் பாக்குத முகம் அதுதானேப்பா. கண்ணாடில தெரியுகது. அதுனாலதான் அந்தப் படத்துல மட்டும் நல்லா இருக்கேன்னு சொல்லுதிய. நாங்க பாக்குகது வேற முகம்.”

அப்போது அக்கா அடுக்களையில் இருந்து வந்தாள், கையில் பவுடர் பூசும் கண்ணாடி. அதைப் படத்துக்கு எதிரே பிடித்துச் சாய்த்து அத்தானுக்குக் காட்டினாள். கண்ணாடிக்குள் கல்யாணம் நேராயிற்று.

அத்தான் வெகுநேரம் பார்த்தார். “நான் இப்படியா இருந்தேன்?” என்றார், மெதுவாக.

“இப்படித்தான் இருந்திய,” என்றாள் அக்கா.

“ஒனக்கு முன்னமே தெரியுமா?”

“ஒங்க மச்சம் எந்தக் கன்னத்துலன்னு எனக்குத் தெரியாதா?”

அத்தான் சாய்வு நாற்காலிக்குப் போகவில்லை. முற்றத்துக்குப் போய் மழையைப் பார்த்து நின்றார். திரும்பி வந்து மாலுவிடம்:

“அங்க சோறு கிட்டுமா?”

ஜூன் 15, ஞாயிறு

மாலு நேற்றே பதில் அனுப்பிவிட்டாள். அத்தான் கேட்ட அடுத்த கேள்விகள்: குளிருமா, பாம்பு உண்டா, திரும்பி வந்தால் வேலை உண்டா. முதல் இரண்டுக்கு நான் பதில் சொன்னேன். மூன்றாவதை மாலு பார்த்துக்கொள்வாள். அத்தானும் அதை இரண்டாம் தடவை கேட்கவில்லை.

கடைக்கு லீவு. அக்காவை வாசலில் பிடித்தேன்.

“அண்ணைக்கே தெரியும்னா ஏன் சொல்லல்ல?”

அக்கா முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நீ படிச்சிட்டு வந்து போட்ட மொத ஃபிரேம்லா. படம் படிச்சவன் தலைகீழாப் போட்டுட்டான்னு ஊரே சிரிப்பாவ. ஒன் கடை அண்ணைக்கே பூட்டிருக்கும்.”

“தலைகீழ் இல்லக்கா, இடவலம்.”

“போலே.”

நான் வழக்கமாக ஒரு பத்து வாக்கியம் பேசியிருப்பேன். இன்று அவளோடு உட்கார்ந்து கல் பொறுக்கினேன். எனக்கு ஒரு கல்லும் கிட்டவில்லை, அவள் என் பக்கத்தில் இருந்து மூன்று எடுத்தாள்.

ஜூன் 20, வெள்ளி

சாரல் விட்டது. அத்தான் கடைக்கே வந்தார். இதுவரை வாசல்படி தாண்டாதவர். முருகன், பெரியப்பா மீசை, எல்லாவற்றையும் பார்வையிட்டார்.

கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து திருப்பி, புதுசாகப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். “பழசக் கழட்டிட்டு இத மாட்டிருவோம், அத்தான்.”

புதுசைக் கையில் வாங்கிக் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். படத்தின் கன்னத்தையல்ல, தன் கன்னத்தை.

“பழசு அங்கேயே கெடக்கட்டும், வே. அது எனக்கு. இதப் பக்கத்துல மாட்டும். இது ஒம்ம அக்காளுக்கு.”

ஜூலை 1, செவ்வாய்

நாகர்கோவில் சந்திப்பு. பரோடா வழியாகப் போகும் காந்திதாம் வண்டி. நல்ல வெயில். மாலுவின் பெட்டியை விடப் பெரிது அத்தான் கட்டிக் கொடுத்த ஏத்தங்காய் சிப்ஸ் மூட்டை. பரோடா நகரமே ஒரு வருஷம் தின்னலாம்.

“போய் ஃபோன் செய் மக்ளே. சாமி காலத் தூக்குனா எந்தக் காலுன்னு ரெண்டு தடவ பாரு,” என்றார் அத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெயில் கூசுகிறதாம்.

வண்டி போன பிறகு அக்கா வீடு. ஆணி, சுத்தியல், ரசமட்டம் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். புதுப் படத்தைப் பழசுக்குப் பக்கத்தில் மாட்டினேன். கூடத்தில் ஜன்னல் சாத்தியிருந்தது, அரை இருட்டு. அத்தானும் அக்காவும் பின்னால் நின்று பார்த்தார்கள்.

இடது பக்கம் ஒரு கல்யாணம். வலது பக்கம் ஒரு கல்யாணம்.

“வலது பக்கத்துக்காரன் கொஞ்சம் சாஞ்சிருக்கான், வே,” என்றார் அத்தான்.