வெள்ளி மதியம் நின்ற எஞ்சின்

மச்சான்,

வெள்ளிக்கிழமை மதியம். மில்லை இப்போதுதான் நிற்பாட்டினேன். அவித்த நெல்லின் வாசமும் சூடேறிய எண்ணெயின் வாசமும் சத்தமில்லாத கொட்டகைக்குள் மெல்லச் சுற்றுகின்றன. இந்த அமைதியில் உன் மோட்டார் சைக்கிள் தூரத்தில் கேட்பதுபோல் எனக்கு எப்போதும் ஒரு மயக்கம்.

வடக்கிலிருந்து உன் சனத்தோடு துரத்தப்பட்ட நீ, சண்டை நின்ற சமாதான காலத்தில் புத்தளத்திலிருந்து ஊர் திரும்பினாய். என் காணியும் நீ கொண்டுவந்த பழைய டீசல் எஞ்சினும் சேர்ந்து நம் அரிசி மில் ஆனது. எஞ்சினைத் தொட உன்னை விட்டால் ஆளில்லை. வெள்ளிதோறும் நீ ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனால் மில்லும் நின்றுவிடும்.

அது காலபோக நெல் அறுவடை நேரத்து ஒரு வெள்ளி. விசுவமடுவிலிருந்து நெல் மூட்டைகளோடு வந்த உழவு இயந்திரங்கள் வாசலில் நிரையாக நின்றன. சந்தியிலிருந்த மற்ற மில் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நம் மில் இந்தப் போகத்தோடு படுத்துவிடும் என்று பயந்தேன்.

"இண்டைக்கு மட்டும் போகாதை மச்சான். சனம் அங்காலை போகப்போகுது."

"எஞ்சினுக்கும் ஒரு ஜும்ஆ வேணும். நான் தொழுதிட்டு வாறன். நீ சும்மா நிக்காமல் அதைப் பார்."

"எஞ்சின் எப்ப உங்கட ஆளானது?" என்று கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே போய்விட்டாய்.

கோபத்தில் தும்புத்தடியை எடுத்து எஞ்சினடியைக் கூட்டினேன். அப்போதுதான் கண்டேன், பெல்ட்டின் தையல் பாதிக்கு மேல் விட்டிருந்தது. ஓட்டத்தில் அறுந்திருந்தால் பக்கத்தில் நெல் கொட்டும் அக்காவின் மேல்தான் அடித்திருக்கும். நீ வந்ததும் காட்டினேன். தைக்க ஊசியை எடுத்தாய். சில உழவு இயந்திரங்கள் போய்விட்டன. மற்றவை காத்து நின்றன.

பிறகு வெள்ளி மதியம் பார்த்துத் திருத்துகிற நேரமாயிற்று. ஒரு வெள்ளி சல்லடைகளைக் கழற்றிக் கழுவினோம். இன்னொரு வெள்ளி அந்த அக்கா, "தம்பியவை, இந்தத் தொட்டி இஞ்சாலை இருந்தால் எனக்கு இவ்வளவு நடை இல்லை" என்றார், நகர்த்தினோம். மில் நிற்கிறதே என்று முதலில் முணுமுணுத்த வேலையாட்களே, வெள்ளி வரட்டும் என்று குறைகளைச் சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். போகத்துக்குப் போகம் அரிசியில் கல் குறைந்தது, எஞ்சின் இடையில் நிற்பதும் குறைந்தது. போன சனமும் திரும்பி வந்தது.

புத்தளத்திலேயே இருந்த உன் பிள்ளைகளைப் பார்க்கப் போனபோது, "வெள்ளிக்கு முன்னம் வந்திடுவன்" என்றாய். சண்டை மறுபடி தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அங்கேயே நீ மௌத்தாகிவிட்டதாகச் செய்தி வந்தது. பிறகு மில்லும் போரோடு போயிற்று. உன்னை அடக்கம் செய்ய நான் வரமுடியாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இது கரண்டில் ஓடும் புது மில். தொழுகைக்குப் போக இங்கே ஒருவருமில்லை. புதிதாக வந்த வேலையாள் சற்றுமுன் கேட்டார், "ஏன் ஐயா வெள்ளியிலை நிப்பாட்டிறியள்?"

தும்புத்தடியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "என்ர பங்காளி பள்ளிக்குப் போயிருக்கிறான். வரட்டும்."