எட்டாம் பக்கத்துக் கால்வலி

ஆயக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பானுப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. பழனியாண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதே போல இருந்தால் எங்களுக்கு அது போதும். அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது என் சட்டையில் இருக்கும் கறையெல்லாம் அவளுக்குத் தெரிகிறது, அது ஒன்றுதான் எனக்குச் சங்கடம். கொய்யா இந்தத் தடவை நல்ல காய்ப்பு, அணில் தின்றது போக மிச்சம் நமக்கு. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ கேள்வி கேட்பாய், நான் குழம்பிப்போய்ப் பாதியில் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். தபாலில் போட்டால் நாளாகும் என்பதால் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தமிழ்மதியைப் பற்றி நீ எழுதிய புத்தகத்தை, தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று அச்சுக்கு முன்னால் அனுப்பினாய் அல்லவா, அதை மூன்று தடவை படித்துவிட்டேன். அக்கா மகளைப் பற்றிச் சித்தி எழுதினால் ஒரே புகழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி இல்லை, நன்றாக இருக்கிறது. விளையாட்டுப் பிள்ளைகளைப் பற்றி நீ எழுதிய நாலு புத்தகத்திலும் எல்லாரும் விழுந்து எழுந்து ஜெயித்துவிடுகிறார்கள், இதிலும் இவள் எண்ணூறு மீட்டரில் மாவட்டத்தில் முதலாவதாக வந்துவிடுகிறாள். நம் தோட்டம் மலையடிவாரத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறாய், மலை எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும், அது போகட்டும். எட்டாம் பக்கம்தான் விஷயம். தமிழ்மதியின் அம்மாவும் பள்ளியில் ஓட்டக்காரி, பதினைந்து வயதில் தீராத கால்வலி வந்ததால் ஓடுவதை விட்டுவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். உன்னைக் குறை சொல்ல முடியாது. என் மகள் மணிமேகலைக்குக் கால்வலி, இனிமேல் ஓட்டப் போட்டிக்கு அனுப்ப இயலாது என்று ரோசலின் டீச்சருக்கு நான் எழுதிய லெட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தவளே நீதான். அப்போது நீ ஆறாம் வகுப்பு. அக்கா அதைத் தொடவே மாட்டேன் என்றாள், அதனால் உன் கையில் கொடுத்துவிட்டேன். அப்பா கையெழுத்துப் போட்டது பொய்யாக இருக்காது என்று இத்தனை வருஷம் நம்பியிருக்கிறாய். அவள் காலில் ஒரு வலியும் இல்லை பானு. நான்தான் அனுப்பவில்லை.

இதைச் சொல்லாமலே இருந்திருப்பேன், ஆனால் என்னிடமிருந்து வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்ததிலிருந்து இரண்டு வாரமாகத் தமிழ்மதி சரியாக ஓடுவதில்லை. தினமும் விடிந்ததும் நான்தானே மொபெட்டில் போய் அவளைப் பழனி மைதானத்துக்குக் கூட்டிப்போகிறேன். இரண்டு சுற்று ஓடுகிறாள், உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே அமுக்கி அமுக்கிப் பார்க்கிறாள். டாக்டர் ஒன்றுமே இல்லை என்கிறார். மாநிலப் போட்டிக்கு இன்னும் பதினெட்டே நாள்தான் இருக்கிறது. புதன்கிழமை திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்தபடி கேட்டாள், "அப்புச்சி, அம்மாவுக்கு வந்த வலி எனக்கும் பதினஞ்சு வயசுல வந்துருமுங்களா?" அடுத்த மாதம் அவளுக்குப் பதினைந்து ஆகிறது. அதெல்லாம் வராது சாமி என்று சொன்னேன். அன்றைக்கே உன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "உடுங்கப்பா, எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும். அவ தினமும் உங்க வண்டியில வாரவ" என்றாள். என்மேல் உள்ள பாசத்தில் சொன்னாளா, இல்லை, மனதுக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று எனக்கு விளங்கவே இல்லை. இருபத்தாறு வருஷமாக அவள் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் போனால் காபி போட்டுத் தருகிறாள், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். மன்னித்துவிட்டாளா, மறந்துவிட்டாளா என்று அந்த முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்று காலை அவர்கள் வீட்டுக்குப் போய் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். தமிழ்மதி என்னையே பார்த்தாள். "ஏனுங்க அப்புச்சி?" என்றாள். அரை டிராயர் போட்டு உன் அக்கா ஓடுகிறாள் என்று அப்போது சொந்தத்தில் யாரோ சொன்னார்கள், வெளியூர்ப் போட்டிக்குப் போனால் தங்க வேண்டும், வயதுப் பெண், இப்படி ஒவ்வொன்றாக வாய் வரைக்கும் வந்தது, எதையும் சொல்ல முடியவில்லை. அதே டிராயரோடுதான் இந்தப் பிள்ளையை நான் கூட்டிப்போகிறேன், வெளியூருக்கும் போகிறேன், பெருமையாகத்தான் இருக்கிறது. இப்போது முடிகிறது, அப்போது ஏன் முடியவில்லை என்று எனக்கே தெரியவில்லை. பயந்தேனா, வீம்பா, யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. பிள்ளை அம்மா பக்கம் திரும்பி, நீ அப்ப எண்ணூறு மீட்டர எம்புட்டு நேரத்துல ஓடுவ என்று கேட்டாள். உன் அக்கா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை, யோசிக்கவும் இல்லை. "ரெண்டு நிமிசம் இருவத்தாறு செகண்டு" என்றாள். அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டே, "அது மண்ணுத் தரை" என்றாள்.

வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது என்றாய், அதற்குள் எட்டாம் பக்கத்தை மாற்றிவிடு. அவளுடைய அப்பா அனுப்பவில்லை என்றே எழுது, எனக்காகப் பூசி மெழுகாதே, காரணம் மட்டும் கேட்காதே. அக்கா சொன்ன நேரத்தை அப்படியே போடு, மண் தரை என்பதையும் போடு. நாளைக் காலையில் வழக்கம் போல வண்டியோடு அவர்கள் வாசலில் போய் நிற்பேன், தமிழ்மதி ஏறுவாளா என்று தெரியவில்லை. குழந்தைக்கு அங்கே குளிர் என்றாய், காதை மூடிக் கூட்டிப்போ, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அக்காவுக்கு நீ போன் பண்ணு, நான் பேசினால் மாத்திரை சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பாள்.

இப்படிக்கு,
உனக்கும் அக்காவுக்கும் அப்பா,
நாச்சிமுத்து